பக்கத்துப் பட்டறையும் பத்து நிமிடப் பேச்சும்

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கொங்கு நாட்டில் பொறியியல் படித்தவர்களுக்குப் பேப்பர் பிரசன்டேஷன் என்பது பாதி படிப்பு, பாதி ஊர் சுற்றல். பிப்ரவரி, மார்ச் வந்தால் எங்காவது ஒரு கல்லூரியில் சிம்போசியம் நடந்துகொண்டே இருக்கும். கோவைக்குள் ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று நாற்பதுகள், ஐம்பதுகளிலேயே வந்துவிட்ட கல்லூரிகள். எண்பதுகளின் நடுவில் தொடங்கித் தொண்ணூறுகள் முடிவதற்குள் பெருந்துறை, சரவணம்பட்டி, திருச்செங்கோடு, சத்தியமங்கலம், பொள்ளாச்சி என்று எழுந்துவிட்ட தனியார் கல்லூரிகள். துறைக்கு ஒரு சிம்போசியம், சிம்போசியத்துக்கு ஒரு பளபளப்பான போஸ்டர். அப்ஸ்ட்ராக்ட் அனுப்புவது, தேர்வானதும் ஹெச்.ஓ.டி.யிடம் ஓ.டி. (ஆன் டியூட்டி) கையெழுத்து வாங்குவது, கட்டுரையை ஐ.இ.இ.இ. வடிவத்தில் இரண்டு பத்தியாக அடித்து ஸ்பைரல் போடுவது, ஓ.எச்.பி. ஷீட்டில் படங்களை ஜெராக்ஸ் எடுப்பது, காந்திபுரத்தில் பஸ் ஏறுவது. இந்த வரிசை எல்லாக் கல்லூரிகளிலும் ஒன்றுதான். பரிசு கிடைத்தால் ஷீல்டு, கிடைக்காவிட்டாலும் சான்றிதழ். மதியச் சாப்பாடு எப்படியும் உண்டு. எங்கள் தலைமுறையில் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசக் கற்றவர்களில் பெரும்பாலோர் அந்த மேடைகளில்தான் கற்றார்கள். அந்த நன்றி எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த மேடைகள் எதைக் கற்றுத்தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகள் கழிந்தும் மாணவர்களின் செமினார்களும் புராஜெக்ட் ரிவ்யூக்களும் ஏறத்தாழ அதே அச்சில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

மாணவர்கள் மேடையில் திணறுவதற்கு எல்லோரும் சொல்லும் காரணங்கள் இரண்டு: ஒன்று கூச்சம், மற்றது ஆங்கிலம். சாஃப்ட் ஸ்கில் வகுப்புகள் இந்த இரண்டுக்கும்தான் மருந்து கொடுக்கின்றன. கண்ணைப் பார்த்துப் பேசு, கையைப் பாக்கெட்டில் வைக்காதே, ‘குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல்’ என்று ஆரம்பி. எனக்கு இந்த நோய்க்கணிப்பே தவறென்று படுகிறது. கூச்சமும் ஆங்கிலப் பயமும் பெரும்பாலும் விளைவுகள். காரணம் இன்னும் முன்னால், தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இருக்கிறது. தனக்கென்று சொல்ல ஏதும் இல்லாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டவன், எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும், அடுத்தவர் வாக்கியத்தை ஒப்பிக்கும் நிலையில்தான் நிற்கிறான். ஒப்பிப்பவனுக்கு மறந்துவிடுமோ என்ற பயம் வரத்தான் செய்யும். தான் கண்டதைச் சொல்பவனுக்கு மறப்பதற்கு அதிகமாக ஏதுமில்லை.

அன்றைய தலைப்புகளை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நானோ டெக்னாலஜி, பயோமெட்ரிக்ஸ், செயற்கைப் பார்வை, நான்காம் தலைமுறைக் கைபேசி, விண்வெளியிலிருந்து சூரிய மின்சாரம். பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கட்டுரையின் முக்கால்வாசி ஃபிளாப்பியில் ஏறிவிடும். ஒரே கட்டுரை பெயர்ப்பக்கம் மட்டும் மாறி ஈரோட்டிலும் கோவையிலும் சேலத்திலும் வாசிக்கப்பட்டதுண்டு. அதில் யாருக்கும் பெரிய குற்ற உணர்வு இருந்ததாகத் தெரியவில்லை. விதி அப்படித்தான் அமைந்திருந்தது. புதிய தொழில்நுட்பம் என்பதற்கு மதிப்பெண் உண்டு, சொந்தமாக அளந்து பார்த்ததற்கென்று ஒரு கட்டம் மதிப்பெண் தாளில் இல்லை. இந்தப் பேச்சுகளின் தரம் தெரிவது கடைசி இரண்டு நிமிடக் கேள்வி நேரத்தில்தான். ‘இதன் பயன்பாடுகள் என்ன?’, ‘இதில் குறைகள் என்ன?’ என்று நடுவர் கேட்பார். இரண்டுக்கும் விடை ஏற்கெனவே கடைசி ஷீட்டில் இருக்கும். அதைத் தாண்டி ‘இந்த எண் எப்படி வந்தது?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எண் எங்கிருந்து வந்தது என்று சொல்பவனுக்கே தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. பேச்சைத் திட்டமிடுவது என்றால் ஷீட்டுகளை வரிசைப்படுத்துவது என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். கேட்கப்படக்கூடிய கேள்வியிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பது யாருடைய பாடத்திட்டத்திலும் இல்லை.

இதில் வேடிக்கை, அந்தக் கேள்விகளுக்கான பொருள் எங்கள் வீடுகளைச் சுற்றியே கிடந்தது என்பதுதான். அந்தக் கல்லூரிகளின் வகுப்புகளில் உட்கார்ந்திருந்தவர்களின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு ஓடும் விசைத்தறி. கணபதியிலும் சின்னவேடம்பட்டியிலும் லேத்துப் பட்டறை, பவுண்டரி. திருச்செங்கோட்டுக்காரர் வீட்டில் போர்வெல் வண்டி, நாமக்கல்காரர் வீட்டில் கோழிப்பண்ணை அல்லது லாரி, கரூரில் பஸ் பாடி. திருப்பூரில் பனியன், அதை ஒட்டிய சாயப்பட்டறை. நாட்டின் பம்புகளில் பெரும்பங்கு செய்கிற ஊர் கோவை. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரும் அதுதான். நூற்பாலைகளின் சிக்கல்களுக்கென்றே 1956-இல் சிட்ரா என்ற ஆராய்ச்சி நிலையம் இங்கே தொடங்கப்பட்டது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாக மாறி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போனது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்தத் தண்ணீரில் கரைந்த உப்பைக் கையடக்க டி.டி.எஸ். மீட்டரால் அளந்து, கிணறு கிணறாக எழுதி வைத்து, ஒரு மாணவர் பேசியிருந்தால் அந்த அரங்கில் அதைவிடப் புதிய பேப்பர் எது இருந்திருக்கும்? கெமிக்கல், சிவில், டெக்ஸ்டைல் என்று துறைகளுக்கும் பஞ்சமில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானதுதான். இளநிலை மாணவருக்கு ஆராய்ச்சி செய்ய ஏது நேரம், ஏது கருவி? மூன்றாம் ஆண்டுப் பையனிடம் சொந்த முடிவு கேட்பது அநியாயமில்லையா? ஆராய்ச்சி என்றதும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி நினைவுக்கு வருவதால் வரும் மலைப்பு இது. ஒரு எளிய உதாரணத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட் மின்சாரம் 1990 முதல் எல்லோருக்கும் இலவசம். அதற்கு முன்னால் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டை வண்டிகளைக் கோவை நகருக்குள் ஓட்டிவந்து நிறுத்திப் போராடிய கதையெல்லாம் இந்த மண்ணுக்குத் தெரியும். இலவசம் என்பதால் பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே கிடையாது. ஆகவே தன் தோட்டத்துப் பம்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அப்பனுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது, மின்வாரியத்துக்கும் தோராயமாகத்தான் தெரியும். இப்போது ஒரு 200 லிட்டர் பீப்பாய், ஒரு கைக்கடிகாரம், கல்லூரி ஆய்வகத்தின் ஒரு கிளாம்ப் மீட்டர். பீப்பாய் 50 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 4 லிட்டர். நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை 30 மீட்டர் என்றால், நீரை உயர்த்தப் பயன்பட்டது ஏறத்தாழ 1.2 கிலோவாட். 415 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் ஓடி, பவர் ஃபேக்டர் 0.8 என்று எடுத்துக்கொண்டால் உள்ளே போனது சுமார் 3.7 கிலோவாட். இழுத்த மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வீண். இந்த எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. ஆனால் கணக்கு இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இருப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஒரே ஊரில் பத்துத் தோட்டங்களில் இதைச் செய்ய முடியும்.

அப்படிச் செய்தவர் பத்து நிமிடப் பேச்சை எப்படி அமைப்பார் என்று யோசித்தால், திட்டமிடுதல் என்பதன் பொருளே மாறிவிடுவது தெரியும். மின்மோட்டாரின் வரலாற்றிலிருந்து அவர் தொடங்கத் தேவையில்லை. பத்துப் பம்புகளின் எண்களையும் ஒரே படத்தில் போட்டு, ‘எங்கள் ஊரில் மோட்டார்கள் இழுக்கும் மின்சாரத்தில் இவ்வளவுதான் தண்ணீராகிறது’ என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடலாம். பிறகு எப்படி அளந்தேன் என்று இரண்டு நிமிடம். எது மோசமாக இருந்தது, ஏன் என்று நாலு நிமிடம்: மறுபடி மறுபடி ரீவைண்டிங் செய்த மோட்டாரா, தேய்ந்த இம்பெல்லரா, தேவைக்கு மீறிய குதிரைத்திறனா, குறுகலான குழாயா. மீதி நேரம் தன் அளவீட்டில் எங்கே பிழை வரலாம் என்பதற்கு. இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். எங்கள் நாளில் ஒருவரும் அதைச் செய்ததில்லை. ‘பவர் ஃபேக்டரை ஏன் 0.8 என்று எடுத்தாய்?’ என்று நடுவர் கேட்பார் என்பது தெரிந்த விஷயம். கேட்பதற்கு முன்பே, 0.7 ஆனால் முடிவு எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டு வைத்திருப்பவருக்குக் கேள்வி நேரம் தண்டனை இல்லை. பேச்சின் மிச்சத்தைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பு அது. தெரியாத கேள்வி வந்தாலும், ‘அதை நான் அளக்கவில்லை’ என்று சொல்வதில் அவமானம் இல்லை. எதையுமே அளக்காதவனுக்கு அந்தப் பதில்கூடக் கிடையாது.

இரண்டாவது மறுப்பு வேறு வகை. உலகம் எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது மாணவரைக் கிணற்றடியில் கட்டிப்போடலாமா? புதிய துறைகளை அறிமுகப்படுத்துவதுதானே சிம்போசியத்தின் வேலை? அறிமுகம் தேவைதான், ஆனால் அதை நூலகமும் வகுப்பும் செய்யலாம். மேடையேறிச் சொல்வதற்கு, சொல்பவர் எதையாவது சேர்த்திருக்க வேண்டும். அருகிலிருப்பதை ஆராய்வது குறுகிய பார்வை என்பதற்குக் கோவையே எதிர்ச்சாட்சி. 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை இங்கே வைத்ததற்குக் காரணம், வட இந்தியாவில் அரிதாகவே பூக்கும் கரும்பு இந்தப் பருவநிலையில் தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் என்பது. அந்த நிலையத்தின் சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இங்கே வளர்த்த ‘வெள்ளை’ என்ற உயர்ரகக் கரும்பையும், இந்த வட்டாரத்தில் தானாக முளைத்துக் கிடந்த காட்டுக் கரும்பையும் இனக்கலப்பு செய்தார்கள். அதில் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. அதன்பின் வந்த ‘கோ’ ரகங்கள் வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றின, வெளிநாடுகளிலும் ஊன்றப்பட்டன. ஊரில் ஒருவரும் மதிக்காத ஒரு புல்லைக் கூர்ந்து பார்த்ததில் தொடங்கியது அது. இத்தனைக்கும் அந்த நிலையமும் வேளாண் பல்கலைக்கழகமும் எங்கள் மேடைகளிலிருந்து டவுன்பஸ் தூரத்தில்தான் இருந்தன.

ஆங்கிலத்தைப் பற்றிய மறுப்பு இவற்றைவிடக் கனமானது. அதை எளிதாகத் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் கால் வைத்தவருக்கும் ஊட்டி கான்வென்ட்டில் படித்தவருக்கும் அந்த மேடை ஒரே மாதிரி இருந்ததில்லை. சரளத்தை அறிவு என்று நம்பி மதிப்பெண் போட்ட நடுவர்களும் குறைவில்லை. சொந்த எண் கையில் இருந்தால் இந்த இடைவெளி மறைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. குறையும் என்று மட்டும் சொல்கிறேன். அதற்குச் சான்று இதே ஊர்க்காரர், எளிய நாப்கின் இயந்திரம் செய்த அருணாச்சலம் முருகானந்தம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறை வேலைக்குப் போனவர். 2012-இல் டெட் மேடையில் அவர் பேசிய ஆங்கிலத்தை எந்த சாஃப்ட் ஸ்கில் பயிற்சியாளரும் தேற விடமாட்டார். ஆனாலும் அரங்கம் அவர் கையில் இருந்தது. பஞ்சை வைத்துச் செய்த நாப்கின் ஏன் தோற்றது, கம்பெனிகள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார், கோடிகள் விலைபோகும் இயந்திரத்தின் வேலையை எளிய இயந்திரத்தால் எப்படிச் செய்ய வைத்தார் என்பதெல்லாம் அவரே பட்டுத் தெரிந்தவை. இலக்கணம் உடைந்த இடத்திலும் பொருள் உடையவில்லை. 2016-இல் பத்மஸ்ரீ வந்தது. ‘அவர் விதிவிலக்கு, அவருக்கு யாரும் மதிப்பெண் போடவில்லையே’ என்பார்கள். மதிப்பெண் போடும் இடத்தில் விதியை மாற்றுவது ஆசிரியர்கள் கையில் இருக்கிறது என்பதே என் பதில். விளக்கத்தைத் தமிழில் சொல்ல விடுவதற்கும் யாரும் தடை போடவில்லை. பீளமேட்டிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் தமிழில் அறிவியலைச் சொல்லவென்றே ‘கலைக்கதிர்’ இதழை நடத்தினார். ஈரோட்டுப் பக்கத்துக்காரரான பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைத் தமிழில் முடித்துக் காட்டினார். இம்பெல்லர் தேய்ந்ததைத் தமிழில் சொல்ல முடியாது என்று இந்த ஊரில் நின்று ஒருவர் வாதிடுவது எனக்கு விளங்கவில்லை.

சொந்தத் தரவு இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதும் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்ணோடம் சிதறியது. அந்த ஆண்டின் சிம்போசியங்களில் அவர் படம் இல்லாத அரங்கு அரிது. ஆனால் அதே ஆண்டு வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை ஸ்லைடுகளைப் பற்றிச் சொன்னதை அந்த அரங்குகளில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. இறக்கையில் நுரைத்துண்டு மோதியது பற்றி, ஓடம் வானில் இருக்கும்போதே பொறியாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். விழுந்த துண்டு, சோதனைகளில் பயன்படுத்திய துண்டைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அந்தச் செய்தி ஒரு ஸ்லைடின் அடிவரிகளில், சின்ன எழுத்தில் கிடந்தது, தலைப்போ ஆறுதல் தருவதாக இருந்தது. பவர்பாயிண்ட் 1987-இல் சந்தைக்கு வந்த மென்பொருள். பதினாறு ஆண்டுகளில் நாசாவின் பொறியியல் அறிக்கையின் இடத்தை அது பிடித்துக்கொண்டதையே அந்தக் குழு குறை கூறியது. புள்ளி புள்ளியாக உடைத்து எழுதும்போது எது பெரிது, எது சிறிது, எதனால் எது என்பது கரைந்துவிடுகிறது. ஓ.எச்.பி. ஷீட் இருந்த நாளில் மார்க்கரால் கையால் எழுத வேண்டியிருந்ததால் ஒரு சிக்கனம் இருந்தது. பி.பி.டி. வந்தபின் அதுவும் போயிற்று.

பொறியியலை மட்டும் குறை சொல்வது நேர்மையல்ல. கலைக் கல்லூரிகளில் பன்னாட்டுக் கருத்தரங்கம் என்ற பெயரில் கட்டணம் வாங்கி, கட்டுரையைத் தொகுப்பில் அச்சிட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் வாசிக்கவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே 2010-இல்தான் ஆசிரியர் பதவி உயர்வுக்கான யு.ஜி.சி.யின் ஏ.பி.ஐ. புள்ளி முறையும் வந்தது. கருத்தரங்கக் கட்டுரைக்குப் புள்ளி உண்டு என்றானதும் பெருக்கம் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சங்க இலக்கியத்தில் ஏதோ ஒன்று என்று தலைப்பு வைக்கும் மாணவரில் எத்தனை பேர் சென்னிமலை நெசவாளரின் தொழிற்சொற்களையோ அண்ணன்மார் கதை பாடுபவரின் பாடத்தையோ பதிவு செய்து வந்து வாசிக்கிறார்கள்? சிலர் செய்கிறார்கள். அவர்கள் வாசிக்கும்போது அரங்கில் ஐந்து நிமிட மணி அடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இப்போது ஒரு தலைப்பைச் சொன்னால் இருபது ஸ்லைடை நிமிடத்தில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. பிரௌசிங் சென்டரில் செய்ததை அது இன்னும் சுத்தமாகச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் பீப்பாய் எத்தனை நொடியில் நிரம்பியது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. ஆகவே இனி மாணவரின் சொந்த அளவீட்டுக்கு மதிப்பு கூடும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அது தானாக நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தடை மாணவர் பக்கம் மட்டும் இல்லை. விண்வெளி மின்சாரம் பற்றிய பேச்சில் நடுவரும் பாதுகாப்பாக இருக்கிறார். மாணவர் படித்த அதே நாலு வரி அவருக்கும் தெரிந்தால் போதும், பொதுவான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு மதிப்பெண் போட்டுவிடலாம். பத்துத் தோட்டத்து எண்களோடு வந்து நிற்கும் பெண்ணிடம் கேள்வி கேட்க வேண்டுமானால் அவர் அந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். ரீவைண்டிங் கடை எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சில வேளை அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அடுத்தடுத்து ஆறு பேச்சுகளை முடித்தாக வேண்டிய ஆசிரியர், அதுவும் நாற்பது பேர் புராஜெக்ட்டை ஒரே ஆளாகப் பார்ப்பவர், இதற்கு நேரம் எங்கே என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு நிர்வாகங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.